கீழ்ப் பாதி சாம்பலாக வரும் படங்கள்: கார்டு போய்விட்டதா?

ஆற்றங்கரை:
நேற்று விடியற்காலை மீன்கொத்தியைப் படமெடுக்கப் போயிருந்தேன். மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் அசையாமல் உட்கார்ந்து 600 படங்களுக்கு மேல் எடுத்தேன். பறவை தண்ணீருக்குள் பாய்ந்து மீனோடு மேலே வரும் நொடி இரண்டு முறை கிடைத்தது. கேமராத் திரையில் எல்லாம் நன்றாகவே தெரிந்தன.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் காப்பி செய்து திறந்ததும் வயிறு கலங்கிவிட்டது. முதல் 380 படங்கள் வரை பழுதில்லை. அப்புறம் ஒன்று நன்றாக இருந்தால் அடுத்தது கெட்டிருக்கிறது. மேலே பறவையின் தலையும் அலகும் தெரிகின்றன, கீழ்ப் பாதி முழுக்கச் சாம்பல். சிலவற்றில் குறுக்கே ஊதா நிறப் பட்டை. சில திறக்கவே இல்லை. நான் விரும்பிய இரண்டு நொடிகளும் கெட்ட பகுதியில்தான் இருக்கின்றன.

மெமரி கார்டு 128 ஜிபி, எஸ்டிஎக்ஸ்சி, யூஹெச்எஸ்-1, வி30. வாங்கி நான்கு மாதம் ஆகிறது. இதுவரை ஒரு தடவைகூட 10 ஜிபிக்கு மேல் நிரப்பியதில்லை. ஃபார்மட் செய்து மறுபடி முயன்று பார்க்கலாமா என்று யோசிக்கிறேன். யாராவது வழி சொல்லுங்கள்.

பழையலென்ஸ்:
ஃபார்மட் வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். அந்தக் கார்டில் இனி ஒரு படம்கூட எடுக்காதீர்கள். கேமராவிலிருந்து வெளியே எடுத்து, ஓரத்தில் இருக்கும் சின்ன லாக் பொத்தானைக் கீழே தள்ளி வையுங்கள். கம்ப்யூட்டர் 'இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்யவா?' என்று கேட்டால் வேண்டாம் என்றே சொல்லுங்கள். அந்த ஒரு கேள்விக்குப் பழக்கதோஷத்தில் சரி என்று அழுத்திப் படங்களை இழந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. லாக் பொத்தானை முழுக்க நம்பிவிடாதீர்கள். அது வெறும் பிளாஸ்டிக் சறுக்கி. கார்டுக்குள்ளே அதற்கு எந்தத் தொடர்பும் கிடையாது. கார்டை மாட்டும் கார்டு ரீடரின் வாயில் இருக்கும் ஒரு சின்ன ஸ்விட்ச்தான் அதைத் தொட்டுப் பார்த்து 'எழுதக் கூடாது' என்று புரிந்துகொள்கிறது. சில ரீடர்கள் அதைக் கண்டுகொள்வதே இல்லை.

வேகமானி:
நான்கு மாதம், 10 ஜிபிக்கு மேல் நிரப்பியதில்லை, முதல் பகுதி சரி, பிற்பகுதி கெட்டது. எனக்கு இது போலிக் கார்டு என்றுதான் தோன்றுகிறது.

போலிக் கார்டு எப்படி வேலை செய்கிறது என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். உள்ளே இருப்பது 8 அல்லது 16 ஜிபி சிப்தான். ஆனால் அந்தச் சிப்பை நிர்வகிக்கும் கன்ட்ரோலரில் '128 ஜிபி' என்று பொய் எழுதி வைத்திருப்பார்கள். கேமராவும் கம்ப்யூட்டரும் கார்டு சொல்வதை அப்படியே நம்பும். உண்மையான இடம் தீர்ந்ததும், சில கார்டுகள் வரும் தரவைத் தூக்கிப்போட்டுவிடும், சில பழைய தரவின் மேலேயே எழுதும். பிழைச் செய்தி ஒன்றும் வராது. கோப்பின் பெயர் இருக்கும், அளவும் சரியாக இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. லேபிளையோ பெட்டியையோ பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ப்ராப்பர்ட்டீஸில் தெரியும் அளவைப் பார்த்தும் முடியாது.

கண்டுபிடிக்க நம்பகமான வழி, கார்டு முழுவதையும் எழுதித் திரும்பப் படித்துப் பார்ப்பது. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக்கிலும் லினக்ஸிலும் எஃப்3. இரண்டும் இலவசம். ஆனால் இந்தச் சோதனை கார்டில் எழுதும். எனவே படங்களை மீட்ட பிறகுதான்.

இடையில் ஒரு விஷயம். 128 ஜிபி கார்டு விண்டோஸில் 119 ஜிபி என்று காட்டினால் அது மோசடி இல்லை. கார்டு செய்பவர்கள் ஒரு ஜிபிக்கு 100 கோடி பைட் என்று கணக்கிடுகிறார்கள், விண்டோஸ் 1024-இன் மடங்குகளில் கணக்கிடுகிறது. அந்த வித்தியாசம்தான். இதைப் பார்த்துவிட்டு நல்ல கார்டைத் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு.

ராத்திரிவானம்:
வேகமானி சொன்ன விவரம் அத்தனையும் சரி. ஆனால் இந்த நோய்க்கு அந்தக் காரணம் பொருந்தவில்லை. போலிக் கார்டில் உண்மையான இடம் தீர்ந்த இடத்திலிருந்து எல்லாமே கெட வேண்டும், அல்லது பழைய படங்கள் அழிந்திருக்க வேண்டும். ஆற்றங்கரை சொல்வது வேறு. ஒன்று நன்றாக, ஒன்று கெட்டு. முதல் படங்கள் பத்திரமாக இருக்கின்றன. அப்படியானால் எங்கோ ஓரிடத்தில் தரவு விட்டுவிட்டு அறுந்திருக்கிறது.

எங்கே அறுந்தது என்பதுதான் கேள்வி. படம் சென்சாரிலிருந்து கிளம்பி உங்கள் திரைக்கு வர வழியில் நிறைய கண்ணிகள் இருக்கின்றன. கேமராவின் பஃபர் (படங்கள் கார்டுக்குப் போகும் முன் காத்திருக்கும் தற்காலிக நினைவகம்), கார்டு, கார்டின் கன்ட்ரோலர், ரீடர், யூஎஸ்பி கேபிள், ஒரு யூஎஸ்பி போர்ட்டைப் பலதாகப் பிரிக்கும் ஹப் இருந்தால் அந்த ஹப், கடைசியில் கம்ப்யூட்டரின் ரேம். இதில் எது தடுமாறினாலும் கடைசியில் நாம் பார்ப்பது ஒரே சாம்பல் பாதிதான். பழி மட்டும் எப்போதும் கார்டின் மேல் விழுகிறது.

ஒரு சோதனை செய்யுங்கள். கெட்டிருக்கும் படம் ஒன்றை மறுபடி ஒரு புது ஃபோல்டரில் காப்பி செய்யுங்கள். அதற்கு முன் கார்டை எஜெக்ட் செய்து, வெளியே எடுத்து, திரும்பப் போடுங்கள். இல்லையென்றால் கம்ப்யூட்டர் தன் நினைவில் ஏற்கெனவே வைத்திருக்கும் கெட்ட பிரதியையே இரண்டாம் முறையும் கொடுத்துவிடும். இப்போது இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து பாருங்கள். சாம்பல் தொடங்கும் கோடு இரண்டிலும் ஒரே இடத்தில் இருந்தால் கார்டில் பதிந்ததே அப்படித்தான். கோடு இடம் மாறியிருந்தால் கார்டு பாவம், வழியில்தான் கெடுகிறது.

ஆற்றங்கரை:
கேமராத் திரையில் நன்றாகத் தெரிந்ததே, அது கார்டில் சரியாக இருப்பதற்கு அடையாளம் இல்லையா?

ராத்திரிவானம்:
முழு அடையாளம் இல்லை. ரா கோப்புக்குள் (சென்சார் தந்த தரவை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) ஒரு ஜேபெக் முன்னோட்டப் படம் ஒளிந்திருக்கும். கேமரா திரையில் காட்டுவது அதைத்தான். முன்னோட்டம் பிழைத்து, ரா தரவு கெட்டிருக்கலாம். ஜேபெக்காக எடுத்தவை இருந்தால் கேமராவிலேயே கடைசி வரை ஜூம் செய்து கீழ் மூலை வரைக்கும் நகர்த்திப் பாருங்கள். அங்கேயும் தெளிவாக இருந்தால் நம்பிக்கை வைக்கலாம்.

ஆற்றங்கரை:
சாயங்காலம் செய்து பார்த்துச் சொல்கிறேன். கேமராவோடு வந்த கேபிளையும் தேட வேண்டும்.

பரண்:
இழைக்கு நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், என் பிரச்சினையும் இதே குடும்பம்தான். 2005 வாக்கில் வந்த சின்ன கேமரா ஒன்று பரணிலிருந்து கிடைத்தது. அப்பா வைத்திருந்தது. சார்ஜ் ஏறுகிறது, லென்ஸ் திறக்கிறது. ஆனால் என்ன கார்டு போட்டாலும் 'கார்டு பிழை' என்கிறது. 32 ஜிபி, 8 ஜிபி, 4 ஜிபி எல்லாம் புதிது. கேமரா போய்விட்டதா?

பழையலென்ஸ்:
கேமரா நலமாகத்தான் இருக்கும். எஸ்டி கார்டு 1999-இல் அறிவிக்கப்பட்டது. முதல் தலைமுறையின் உச்ச வரம்பு 2 ஜிபி. 2006-இல்தான் எஸ்டிஹெச்சி வந்தது, அது 32 ஜிபி வரை. 2009-இல் எஸ்டிஎக்ஸ்சி, 2 டிபி வரை. மூன்றும் வெளியே பார்க்க ஒரே அளவு, 32க்கு 24 மில்லிமீட்டர். ஒரே ஓட்டைக்குள் அழகாகப் போகும். அதனால்தான் இவ்வளவு குழப்பம்.

உள்ளே மொழியே மாறிவிட்டது. பழைய எஸ்டி கார்டிடம் கேமரா 'இத்தனையாவது பைட்டைக் கொடு' என்று கேட்கும். எஸ்டிஹெச்சி கார்டிடம் 'இத்தனையாவது 512 பைட் தொகுதியைக் கொடு' என்று கேட்க வேண்டும். உங்கள் அப்பாவின் கேமராவுக்கு இரண்டாவது மொழி தெரியாது. ஃபார்மட்டை மாற்றினாலும் தீராது. சில கேமராக்கள், பிறகு வந்த புது ஃபார்ம்வேரால் (கேமராவின் உள் மென்பொருள்) எஸ்டிஹெச்சி படிக்கக் கற்றுக்கொண்டன, உங்கள் மாடலுக்கு வந்ததா என்று பாருங்கள். இல்லையென்றால் எஸ்டி என்று மட்டும் எழுதியிருக்கும் 1 ஜிபி கார்டு தேடுங்கள்.

2 ஜிபி என்று ஏன் சொல்லவில்லை என்றால், அதிலும் ஒரு சிக்கல் உண்டு. 2 ஜிபி கார்டு தன் தொகுதியின் நீளம் 1024 பைட் என்று அறிவிக்கும். 512 மட்டுமே தெரிந்த மிகப் பழைய கேமராக்கள் அதை 1 ஜிபி என்று நினைத்துக்கொள்ளும், அல்லது பாதியில் தடுமாறும். 1 ஜிபி அல்லது 512 எம்பி போட்டால் நிம்மதி.

பரண்:
மிக்க நன்றி ஐயா. அப்பாவின் பழைய பெட்டியில் 256 எம்பி கார்டு ஒன்று இருந்தது. போட்டதும் ஓடுகிறது! அதில் நான் பள்ளிச் சீருடையில் நிற்கும் 11 படங்களும் இருந்தன. முதல் வேலையாக அவற்றைக் காப்பி செய்துவிட்டேன்.

பழையலென்ஸ்:
நல்ல வேலை செய்தீர்கள். இரண்டு இடத்தில் வையுங்கள். ஃபிளாஷ் நினைவகம் மின்னூட்டத்தைச் சிறைப்பிடித்து வைத்துத்தான் எல்லாவற்றையும் நினைவில் வைக்கிறது. மின்சாரமே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அது மெல்லக் கசியும். கார்டு பயணத்துக்கு ஏற்றது, பெட்டகத்துக்கு ஏற்றதில்லை.

நிழற்குடை:
என் கதையையும் கேளுங்கள். கார்டு காலியாக இருக்கிறது, புதுசு, ஆனால் கேமரா 'கார்டு நிறைந்தது' என்கிறது. வேறு கார்டு போட்டாலும் அதே. இரண்டு கார்டுகளை மாற்றியும் ஆயிற்று.

ராத்திரிவானம்:
உங்கள் படத்தின் கடைசி எண்ணையும் ஃபோல்டர் எண்ணையும் பாருங்கள். கார்டில் கேமரா படங்களைச் சேமிக்கும் டிசிஐஎம் ஃபோல்டருக்குள் 100 முதல் 999 வரைதான் ஃபோல்டர் எண்கள், படத்துக்கு 0001 முதல் 9999 வரை. கேமராக்களுக்கெல்லாம் பொதுவான விதி அது. ஃபோல்டர் எண் எப்படியோ 999-ஐத் தொட்டுவிட்டால், அதில் 9999-ஆவது படத்துக்குப் பிறகு வைக்க எண்ணே இல்லை. கார்டில் எவ்வளவு இடம் இருந்தாலும் கேமரா மறுத்துவிடும். கேமரா கடைசி எண்ணைத் தன்னுள்ளே நினைவில் வைத்திருப்பதால் கார்டை மாற்றினாலும் போகாது. கார்டை ஃபார்மட் செய்துவிட்டு, மெனுவில் எண் வரிசையை ரீசெட் செய்யுங்கள்.

நிழற்குடை:
999 தான்! ஒரு கார்டில் நானே கம்ப்யூட்டரில் ஃபோல்டருக்குப் பெயர் மாற்றினேன், அதிலிருந்து வந்திருக்கிறது. இரண்டு நல்ல கார்டுகளைக் கெட்டது என்று ஒதுக்கி வைத்திருந்தேன்.

வேகமானி:
பெயர் மாற்றுவது, கம்ப்யூட்டரில் வைத்து அழிப்பது இரண்டையும் கார்டில் செய்யாமல் இருப்பது நல்லது. மேக்கில் அழித்தால் அது கார்டுக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத குப்பைத்தொட்டி ஃபோல்டருக்குப் போகும். தொட்டியைக் காலி செய்யும் வரை இடம் திரும்பாது.

தொடர்படம்:
வேகம் பற்றி ஒரு சந்தேகம். என் கார்டில் பெரிய எழுத்தில் 200 எம்பி என்று போட்டிருக்கிறது. ஆனால் தொடர்ச்சியாக எடுத்தால் இரண்டு விநாடியில் கேமரா நின்றுவிடுகிறது. சிவப்பு விளக்கு அரை நிமிடம் வரை எரிகிறது. இதுவும் போலிதானா?

வேகமானி:
போலியாக இருக்க வேண்டியதில்லை. பெரிய எழுத்தில் இருப்பது படிக்கும் வேகம், அதுவும் அதிகபட்சம். உங்கள் கேமராவுக்கு வேண்டியது எழுதும் வேகம், அதுவும் குறைந்தபட்சம்.

யூஹெச்எஸ்-1 என்ற விதிமுறையில் ஏட்டளவிலான உச்சமே விநாடிக்கு 104 எம்பி. அதைத் தாண்டிய 170, 200 எல்லாம் விதிமுறைக்கு வெளியே சில நிறுவனங்கள் சேர்த்த சொந்த வித்தை. அதற்கென்றே செய்த ரீடரில் மட்டும் கிடைக்கும். கேமராவுக்குள் அந்த எண்ணை மறந்துவிடுங்கள். யூஹெச்எஸ்-2 கார்டுக்குப் பின்னால் இரண்டாவது வரிசைத் தகடுகள் இருக்கும், உச்சம் 312 எம்பி. ஆனால் கேமராவின் வாயில் அந்த இரண்டாவது வரிசை இல்லையென்றால் அதுவும் யூஹெச்எஸ்-1 ஆகத்தான் நடந்துகொள்ளும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ரா படம் 30 எம்பி, விநாடிக்கு 10 படம் என்றால் கேமரா உள்ளே 300 எம்பி குவிக்கிறது. கார்டு 60 அல்லது 70 எம்பிதான் வாங்குகிறது. மிச்சம் பஃபரில் தேங்கும், அது நிரம்பியதும் நின்றுவிடும். கார்டில் பார்க்க வேண்டியது வி30, வி60, வி90 என்ற சின்ன எழுத்து. தொடர்ந்து எழுதும்போது குறைந்தது அத்தனை எம்பி என்ற உறுதி அது. வீடியோவுக்காக வந்த குறி என்றாலும் தொடர்படம் எடுப்பவருக்கும் அதுவே நல்ல வழிகாட்டி.

கட்டைவிரல்:
கேமராவிலேயே ஒவ்வொரு படமாக அழித்தால் கார்டு கெடும் என்கிறார்களே, உண்மையா? நான் பல வருடமாக அழிக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை.

பழையலென்ஸ்:
நான் அழிப்பதில்லை. காப்பி ஆனதும் கேமராவில் ஃபார்மட், அவ்வளவுதான். அழித்து அழித்து எடுத்தால் கோப்புகள் துண்டு துண்டாகப் பதியும். பின்னால் மீட்க நேர்ந்தால் ஃபோட்டோரெக் போன்ற மென்பொருள் துண்டுகளைச் சேர்க்க முடியாமல் திணறும்.

ராத்திரிவானம்:
கார்டு 'கெடும்' என்பதை நான் ஏற்கவில்லை. ஒரு அழிப்பு என்பது பட்டியலில் சில பைட்டுகள் மாறுவது மட்டும்தான், கன்ட்ரோலர் அந்தத் தேய்மானத்தை எல்லாச் செல்களுக்கும் பிரித்துக் கொடுத்துவிடும். ஆனால் துண்டுகள் பற்றிச் சொன்னது முழு உண்மை. அதோடு, அவசரத்தில் தவறான படத்தை அழிப்பதும் நடக்கிறது. என் அனுபவத்தில் கார்டு தின்ற படங்களைவிட என் கட்டைவிரல் தின்ற படங்கள் அதிகம்.

கார்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறைகளான ஃபேட்32-க்கும் எக்ஸ்ஃபேட்டுக்கும் ஒரு வேறுபாட்டைச் சேர்த்துச் சொல்கிறேன். எஸ்டிஹெச்சி பயன்படுத்தும் ஃபேட்32, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணைக்குப் பொதுவாக இரண்டு பிரதி வைத்திருக்கும். எஸ்டிஎக்ஸ்சி பயன்படுத்தும் எக்ஸ்ஃபேட்டில் ஒரே பிரதிதான். எழுதும்போது மின்சாரம் போனால் காயம் ஆழமாகலாம். பேட்டரிக் கதவைத் திறக்கும் முன் சிவப்பு விளக்கு அணைந்திருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள்.

ஆற்றங்கரை:
வந்துவிட்டேன். கை நடுங்கிக்கொண்டே தட்டுகிறேன்.

ராத்திரிவானம் சொன்னபடி கெட்ட படம் ஒன்றை எடுத்து, கார்டைக் கழற்றி மாட்டி மூன்று முறை காப்பி செய்தேன். முதல் பிரதியில் சாம்பல் கோடு பறவையின் கழுத்தில். இரண்டாவதில் வாலுக்குக் கீழே. மூன்றாவது பிரதி முழுசாக, சுத்தமாக இருக்கிறது!

ராத்திரிவானம்:
கார்டு பிழைத்தது. ரீடரை எதில் மாட்டியிருக்கிறீர்கள்?

ஆற்றங்கரை:
யூஎஸ்பி ஹப்பில். அதே ஹப்பில் ஹார்டு டிஸ்க்கும் இருக்கிறது. தொட்டுப் பார்த்தால் ரீடர் நன்றாகச் சூடாக இருந்தது.

ராத்திரிவானம்:
ஹப்புக்குத் தனி மின்சாரம் இல்லையென்றால் ஹார்டு டிஸ்க் இழுத்தது போக ரீடருக்கு மிச்சம் குறைவு. சூடு ஏற ஏறத் தடுமாறியிருக்கும், அதனால்தான் முதல் 380 சரியாக வந்து பிறகு கெட்டிருக்கிறது. ரீடரை விட்டுவிடுங்கள். கேமராவுக்கு முழு பேட்டரி போட்டு, கேபிளை நேராகக் கம்ப்யூட்டரில் செருகிக் காப்பி செய்யுங்கள். மெதுவாகத்தான் வரும், வரட்டும்.

ஆற்றங்கரை:
கேபிளில் எல்லாம் இறங்கிவிட்டது. 614 கோப்பில் 613 நன்றாக இருக்கின்றன. ஒன்று மட்டும் 0 பைட் என்று காட்டுகிறது, கடைசிப் படம். இப்போது நினைவுக்கு வருகிறது, அதை எடுத்த உடனே பேட்டரி தீர்ந்து கேமரா அணைந்துவிட்டது.

வேகமானி:
அப்படியானால் அந்த ஒன்றுக்கும் காரணம் தெரிந்துவிட்டது. என் சந்தேகம் தவறிவிட்டது, சந்தோஷம். ஆனாலும் படங்களை இரண்டு இடத்தில் வைத்த பிறகு கார்டை ஒருமுறை முழுசாகச் சோதித்துவிடுங்கள். நல்ல ரீடரில், ஹப் இல்லாமல். வாங்கிய அன்றே செய்திருக்க வேண்டிய சோதனை.

ஆற்றங்கரை:
இரண்டு இடத்தில் வைத்துவிட்டேன். நண்பரிடம் வேறு ரீடர் வாங்கி, கம்ப்யூட்டரில் நேராக மாட்டி, எச்2டெஸ்ட்டபிள்யூ ஓட்டினேன். எழுதி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஒரு பிழைகூட இல்லை, 128 ஜிபியும் உண்மை. பழைய ரீடரைத் தூக்கிப்போட்டுவிட்டேன்.

மீன்கொத்தி தண்ணீரை விட்டு எழும் படத்தை இப்போதுதான் பெரிதாக்கிப் பார்த்தேன். அலகில் மீன் குறுக்காக இருக்கிறது. வால் நுனியிலிருந்து இன்னும் பிரியாத ஒரு துளி, அதற்குள் எதிர்க் கரை தலைகீழாகத் தெரிகிறது. சாம்பலாக இருந்தது சரியாக அந்த இடம்தான்.